நாலு காதுக் கைப்பிடி

எதையாவது வாங்கக் கிளம்பும்போது கறாரம்மா முதலில் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். வியர்வையை அல்ல, ஆசையை. வேண்டும் என்று தெரிந்தால் விலை ஏறும். அவசரம் என்று தெரிந்தால் இன்னும் ஏறும். இது இல்லாமல் வீட்டில் வேலை நிற்கிறது என்று தெரிந்துவிட்டாலோ, கடைக்காரர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, விசிறியும் போட்டுவிட்டு ஏற்றுவார். இதெல்லாம் அவள் அப்பா கல்லாவில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது. அதே கல்லாவில்தான் இப்போது அவள் உட்கார்ந்து பாத்திரம் விற்கிறாள். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் கடைத்தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவளிடம் பேரம் பேசித் தோற்றவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. அவளுக்கும் அதில் ஒரு வருத்தமும் இல்லை.

அப்படிப்பட்டவளைப் பார்த்து ஒரு குளியலறைக் குழாய் கைகொட்டிச் சிரித்தது.

குழாய் பழையது. சுவருக்குள் புதைந்த பித்தளை உடம்பு, வெளியே ஒரு மூக்கு, மேலே நாலு காது முளைத்த கைப்பிடி. அந்தக் காதுகள்தான் அக்காவுக்கு உயிர். அக்கா என்றால் கறாரம்மாவின் கூடப்பிறந்தவள். இரண்டு பேருமே வீட்டுக்காரரைப் பறிகொடுத்த பிறகு ஒரே கூரைக்கு வந்து சேர்ந்தவர்கள். தையல் மெஷினில் தெருவுக்கே ரவிக்கை தைத்துக் கொடுத்த அக்காவின் விரல்கள், முடக்குவாதத்தில் மடங்கி, இப்போது ஊசியை எடுக்கக்கூட மறுத்துவிட்டன. வழவழ உருண்டைக் குமிழ் எதையும் அவளால் திருப்ப முடியாது. ஆனால் இரண்டு காதுக்கு நடுவில் மணிக்கட்டைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால் தண்ணீர் கொட்டும். யாரையும் கூப்பிடாமல் அவள் செய்துகொள்ளும் காரியங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோனதில் குளியல் மட்டும்தான் கையில் மிச்சம் இருந்தது.

அதற்கும் வேளை வந்தது. கைப்பிடியின் உள்வாயில் பொடிப் பொடியாகப் பல் இருக்கும். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் தலையிலும் பல் இருக்கும். இதுவும் அதுவும் கவ்விக்கொண்டால்தான் குழாய் திறக்கும். கைப்பிடியின் பல் தேய்ந்துபோனதால், மேடையில் கையை மட்டும் ஆட்டுகிற பேச்சாளர் மாதிரி அது சும்மா சுற்ற ஆரம்பித்தது. ஒரு நாள் தலை முதல் கால் வரை சோப்பு போட்டுக்கொண்ட பிறகு அது கையை விரித்துவிட்டது. குறட்டால் தண்டைப் பிடித்துத் திருப்ப அக்காவின் விரலுக்குச் சக்தி இல்லை. மதியச் சாப்பாட்டுக்குக் கறாரம்மா வீடு திரும்பும் வரை, கண்ணைத் திறக்க முடியாமல், சோப்பு உடம்பில் காய்ந்து இழுக்க, முக்காலியில் உட்கார்ந்தே இருந்தாள்.

அன்று சாயங்காலம் அக்கா தன் மகளுக்கு போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வா, உன்னோடு வந்துவிடுகிறேன் என்றாள்.

காலையிலேயே வாளியில் தண்ணீர் பிடித்துவைத்துவிட்டுக் கடைக்குப் போகிறேனே என்று கறாரம்மா சொல்லிப் பார்த்தாள். இன்றைக்கு வாளி வைப்பாய், நாளைக்கு நீயே வந்து மொண்டு ஊற்றுவாய், நாளை மறுநாள் முதுகும் தேய்ப்பாய் என்றாள் அக்கா. மகளிடம் முதுகைக் காட்டினாலும் காட்டுவாளாம், தான் இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கச்சியிடம் காட்டமாட்டாளாம்.

பிளம்பரைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், ஜோசியர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். இந்தக் குழாய் செய்த கம்பெனியே இப்போது இல்லை, கைப்பிடி தனியாகக் கிடைக்காது, மொத்தத்தையும் பிடுங்கிவிட்டுப் புதுசு போட வேண்டும், உள்ளே ஓடுவது துருப்பிடித்த இரும்புக் குழாய், இங்கே தொட்டால் அங்கே உதிரும், குளியலறை எத்தனை நாளைக்கு மூடிக் கிடக்கும் என்று சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு அதுவே வசதியாகப் போயிற்று. நல்லதுதானே, இடித்துக்கொள்ளுங்கள், நான்தான் இருக்கமாட்டேனே என்றாள்.

வேலை முடிகிறவரை என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களே திரும்பி வந்ததைக் கறாரம்மா பார்த்ததில்லை. போகாதே என்று சொல்லத்தான் அவளுக்கு ஆசை. ஆனால் வாயோ அப்பாவின் கல்லாவில் பழகிய வாய்.

"உன் இஷ்டம்க்கா," என்றாள். "யார் யாரைப் பிடிச்சு வைக்க முடியும்?"

அக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆக, செய்ய வேண்டியது ஒன்றுதான். சுவரைத் தொடாமல், ஞாயிற்றுக்கிழமைக்குள், நாலு காதுக் கைப்பிடி ஒன்றைக் கண்டுபிடித்து மாட்ட வேண்டும். கறாரம்மாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. எந்தக் கடையிலும் ஏமாந்ததில்லை, இதில் என்ன ஏமாறப் போகிறோம்?

தேய்ந்த கைப்பிடியை அவள் கையோடு எடுத்துப் போகவில்லை. போட்டோ பிடித்துக்கொண்டும் போகவில்லை. உடைந்த சாமானைக் கடைக்காரர் முன்னால் நீட்டுவதும், என் கழுத்து இங்கே இருக்கிறது என்று நீட்டுவதும் அவளுக்கு ஒன்றுதான். கட்டைவிரலால் அளந்து, கண்ணால் பார்த்து, மனசில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் போனது குளியலறைச் சாமான் விற்கிற கண்ணாடி மாளிகை. வாஷ்பேசின் விலை கேட்டாள், நிலைக்கண்ணாடியை ஆட்டிப் பார்த்தாள், தண்ணீர் பூவாகக் கொட்டும் ஷவரைக் குறை சொன்னாள். வெளியே காலை வைத்த பிறகுதான், ஏதோ வாசலில் கிடந்ததைப் பார்த்துவிட்டவள் போல, இந்த மாதிரிக் கைப்பிடியெல்லாம் இன்னும் யாராவது வாங்குகிறார்களா என்று கேட்டாள். விற்பனையாளர் பாவம், எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்று விலையைத் தானே குறைத்துக்கொண்டு வந்தார். கறாரம்மா அவருக்கு உபகாரம் செய்கிற முகத்தோடு வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து மாட்டினால், அது தண்டின் தலையில் தொப்பி மாதிரி தொளதொளவென்று ஆடியது.

அடுத்த கடையில் வாங்கியது தண்டின் தலையில் ஏறவே இல்லை. அதற்கடுத்த கடையில் வாங்கியது ஏறியது, அழகாகவும் உட்கார்ந்தது. ஆனால் பல் இடைவெளி வேறு. ஒரு திருப்பில் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒவ்வொன்றையும் அவள் அடித்துப் பேசி அடிமாட்டு விலைக்கு வாங்கியிருந்தாள். அந்தக் கைப்பிடிகளைக் குளியலறை ஜன்னல் மேடையில் வரிசையாக வைத்துவிட்டு, எதை எப்படிப் படியவைத்தாள் என்று அக்காவிடம் கதையாகச் சொன்னாள். அக்கா கட்டிலில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். அந்த வாரத்தில் அவள் முதன்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

"பாப்பா, நீ குறைச்ச விலையைக் கொண்டுபோய்க் குழாய்ல மாட்ட முடியாதுடி."

கறாரம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் அசருகிற ஆள் இல்லை. ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் பழைய சாமான் கடை ஒன்று இருந்தது. இடித்த வீடு, மூடிய ஆபீஸ், கைமாறிய லாட்ஜ் எல்லாவற்றின் கதவும் கம்பியும் குழாயும் கடைசியில் அங்கேதான் வந்து விழும். கடைக்காரருக்கு இல்லைக்காரர் என்று பெயர். யார் எதைக் கேட்டாலும், கேள்வி முடிவதற்கு முன்பே இல்லை என்பார். இருக்கிறது என்று சொல்லி எடுத்துக் கொடுத்தால் அது வெறும் சாமான், இல்லை என்று சொல்லிவிட்டுத் தேடி எடுத்து வந்தால் அது புதையல், இரண்டுக்கும் விலை ஒன்றாகுமா என்பது அவர் கணக்கு.

வேண்டாம் என்பதுபோல் வாங்குகிறவளும் இல்லை என்று விற்கிறவரும் எதிரெதிரே உட்கார்ந்தால் என்ன வியாபாரம் நடக்கும்? அன்று அதுதான் நடந்தது. கறாரம்மா ஒரு பழைய ஜன்னல் கம்பியைத் தடவிக் கொடுத்தபடி வெயிலைப் பற்றிப் பேசினாள். அவர் பாத்திர வியாபாரம் எப்படி என்று விசாரித்தார். இவள் சுமார் என்றாள், அவரும் சுமார் என்றார். கடைசியில் இவள் கொட்டாவியோடு, பழைய காலத்துக் குழாய்க் கைப்பிடி ஏதாவது கிடந்தால் சும்மா பார்க்கலாமே என்றாள். அவர் இல்லை என்றார். இல்லாவிட்டால் என்ன, எனக்கும் தேவையில்லை என்றாள். அப்படியானால் சரியாகப் போயிற்று என்றார்.

அப்போது ஒரு கொத்தனார் வந்து, உடைந்த தாழ்ப்பாள் ஒன்றை மேஜை மேல் டங்கென்று போட்டு, இது மாதிரி வேண்டும் என்றார். இல்லை என்றார் கடைக்காரர். கொத்தனார் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. இல்லைக்காரர் தாழ்ப்பாளைப் பார்த்தார், கொத்தனாரைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், எழுந்து உள்ளே போய் அச்சு அசல் அதே தாழ்ப்பாளோடு வந்தார். அதைப் பார்த்ததும் கறாரம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பழைய சாமான் வேண்டுமென்றால் ஜாடைமாடையாகக் கேட்டுப் பயனில்லை. உடைசலை மேஜையில் போட வேண்டும். ஆனால் கடைத்தெருவே கறார் என்று பேர் வைத்த ஒருத்தி, உடைசலைக் கையில் ஏந்திக்கொண்டு இந்த மனுஷர் முன்னால் வந்து நிற்பதா? வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

சனிக்கிழமை காலையில் அக்காவின் அறைப் பக்கம் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அக்கா கட்டிலின் மேல் பையை வைத்து மூடிக்கொண்டிருந்தாள். ஜிப்பின் நுனி விரலில் பிடிபடவில்லை. குனிந்து, பல்லால் கடித்து, தலையை ஆட்டி ஆட்டி ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில்தான் தங்கச்சி இருக்கிறாள், கூப்பிடவில்லை.

கறாரம்மா சத்தம் போடாமல் திரும்பிப் போய் பிளம்பருக்கு போன் போட்டாள். கைப்பிடியை மட்டுமல்ல, தண்டையும் கழற்றிக் கையில் கொடுங்கள் என்றாள். அவர் கேட் வால்வை அடைத்து, ஸ்பேனர் போட்டு, முனகி முனகித் தண்டைச் சுவரிலிருந்து திருகி எடுத்தார். வீடு முழுக்கத் தண்ணீர் வருவது நின்றது. மாடியில் குடியிருந்த டியூஷன் வாத்தியார் பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு படியிறங்கி வந்து, தண்ணீர் எப்போது வரும் என்று மரியாதையாகக் கேட்டார். போய்விட்டு வருகிறேன் சார், மீதிப் பாதியைக் காயவிடாதீர்கள் என்றாள் கறாரம்மா. சாயங்காலத்துக்குள் தண்டு பொருத்தமான கைப்பிடியோடு திரும்பி வராவிட்டால் சுவரை இடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார் பிளம்பர்.

தண்டையும் தேய்ந்த கைப்பிடியையும் ஒரு துணியில் சுற்றிக்கொண்டு, முதுகு நிமிர்ந்து, பழைய சாமான் கடைக்குள் நுழைந்தாள். துணியைப் பிரித்து மேஜையில் போட்டாள். ஈரம் இன்னும் சொட்டியது.

"இல்லை," என்றார் இல்லைக்காரர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"அண்ணே, அன்னிக்கு நான் சும்மா கேட்டேன்னு சொன்னது பொய். இது எனக்கு வேணும். கண்டிப்பா வேணும். இது கிடைக்கலைன்னா எங்க அக்கா நாளைக்கு வீட்டை விட்டுப் போயிடுவா."

சொல்லி முடித்ததும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கூரை இடிந்து விழவில்லை. இல்லைக்காரரோ, பழகாத பாஷையில் யாரோ பேசிவிட்டது மாதிரி விழித்தார். அவர் தொழிலில் யாரும் தன் தேவையை இப்படி ஒளிக்காமல் கொட்டியதில்லை. அக்காவுக்கு என்ன என்று கேட்டார். கறாரம்மா விரலைச் சொன்னாள், சோப்பைச் சொன்னாள், ஜிப்பைச் சொன்னாள். அவர் எழுந்து உள்ளே போனார். இரண்டு பெயின்ட் வாளி நிறையக் கைப்பிடிகளைத் தூக்கமுடியாமல் தூக்கி வந்து கொட்டினார்.

இருவரும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினார்கள். மூன்று காது, நட்சத்திரம், பீங்கான் தலை, கப்பல் சுக்கான் மாதிரி ஒன்று. நாலு காதும் இருந்தது, கனமாக, மணிக்கட்டைக் கொடுத்தால் இதமாக உட்காருகிற மாதிரி வளைந்த காதுகள். ஆனால் எதன் பல்லும் இவள் கொண்டுவந்த தண்டோடு சேரவில்லை. இல்லைக்காரர் கையைத் தட்டிக்கொண்டு, இப்போது நிஜமாகவே இல்லை அம்மா என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. அந்தச் சொல்லை வருத்தத்தோடு சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

கறாரம்மா அந்த வளைந்த காதுக் கைப்பிடியைக் கீழே வைக்கவில்லை. அவள் கடைக்கு வாரம் தவறாமல் யாராவது பழைய குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து, இதற்கு மூடி வேண்டும் என்பார்கள். மூடி மூடியாக எடுத்துப் போட்டுப் பார்த்து மாய்ந்துபோவாள். கிடைக்காது. அதற்கெல்லாம் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். மூடியை விட்டுவிட்டு வீட்டு அடுப்பை விசாரிப்பாள். அடுப்பில் உட்காருகிற அடி இருந்தால் போதும், மூடியோடு பிறந்த வேறு குண்டானாகவே தலையில் கட்டிவிடுவாள்.

"அண்ணே, இந்தக் கைப்பிடி எந்தத் தண்டுல இருந்து கழட்டினது?"

இடித்த லாட்ஜ் ஒன்றிலிருந்து வந்த சரக்கு, தண்டெல்லாம் தனி டப்பாவில் கிடக்கிறது என்றார். அப்படியானால் தலையைப் பார்க்க வேண்டாம், அடியைப் பார்ப்போம் என்றாள். கைப்பிடியும் அதன் சொந்தத் தண்டும் ஏற்கெனவே ஜோடிதான். அந்தத் தண்டின் அடியில் திருகிப் பொருத்துகிற மரை மட்டும் நம் வீட்டுக் குழாய்க்குள் ஏறிவிட்டால் போதாதா? இல்லைக்காரர் சற்று யோசித்தார். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டு ஓடினார்.

டப்பாவில் முக்கால்வாசி அரித்துப்போனவை. ஒன்று மட்டும், பச்சைக் களிம்பைச் சுரண்டியதும், கறாரம்மாவின் தண்டுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரே வயிற்றில் பிறந்தது மாதிரி இருந்தது. மரையோடு மரை வைத்து உரசிப் பார்த்தார்கள். சீப்பும் சீப்பும் போலப் பொருந்தியது. நீளமும் ஒன்றுதான். கைப்பிடியை அதன் தலையில் வைத்து அழுத்தினாள். கடக்கென்று கவ்வியது.

இல்லைக்காரர் நாற்காலிக்குத் திரும்பினார், தொண்டையைச் செருமினார், ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு லாட்ஜையே திரும்பக் கட்டலாம்.

கறாரம்மா எதிர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"எனக்கு இது வேணும்னு உங்களுக்குத் தெரியும். இதை என்னைத் தவிர ஒருத்தரும் வாங்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். ரெண்டு பேருக்கும் ஒளிக்க ஒண்ணும் இல்லை. இப்பப் பேசுவோமா?"

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் நடந்ததைக் கடைத்தெரு இன்னும் பேசிக்கொள்கிறது. கறாரம்மா தன் வாழ்நாளில் அதைவிட ருசியாகப் பேரம் பேசியதில்லை. ஒளிக்க எதுவும் இல்லாததால் மூளை முழுவதும் வாய்க்கே மிச்சம் இருந்தது. கடைசியில் படிந்த விலையில் அவருக்கும் நஷ்டமில்லை, இவளுக்கும் எரிச்சலில்லை. புது வாஷர் ஒன்றை அவராகவே பொட்டலத்தில் போட்டார்.

பொழுது சாய்வதற்குள் பிளம்பர் மாட்டிவிட்டு வால்வைத் திறந்தார். மாடியில் வாத்தியார் வீட்டுக் குழாய் கனைக்கிற சத்தம் கேட்டது. அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, மணிக்கட்டை இரண்டு காதுக்கு நடுவில் கொடுத்து நெம்பினாள். தண்ணீர் கொட்டியது. இந்தப் பக்கம் நெம்பினாள், நின்றது. மறுபடி திறந்து, மறுபடி மூடி, எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கறாரம்மா கூடத்தில் உட்கார்ந்து, ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பை வாசல் பக்கம்தான் இருந்தது. அக்கா அதைப் பிரிக்கவில்லை.

அக்கா மகள் சொன்ன நேரத்துக்கு வந்தாள். நல்ல பெண், கெட்டிக்காரி, அந்த வம்சத்து வாய். குழாயைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள், பிரமாதம் சித்தி என்று மனசாரச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் சரக்கை எடுத்து விரித்தாள். தன் வீட்டுக் குளியலறையில் கையை நீட்டினாலே தண்ணீர் வருமாம். திருப்பவே வேண்டாமாம். தரை வழுக்காதாம், சுவரெல்லாம் பிடித்துக்கொள்ளக் கம்பியாம். கறாரம்மா வியாபாரி. எதிர்க்கடைச் சரக்கு ஒசத்தி என்றால் ஒசத்தி என்று அவளுக்கு உடனே தெரிந்துவிடும். இது ஒசத்திதான்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து தங்கச்சியைப் பார்த்தாள். எதையும் எடுத்துக் காட்டாத கடையில், இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம் என்று காத்திருக்கிற வாடிக்கைக்காரி மாதிரி.

உன் இஷ்டம் என்று சொல்ல நாக்கு எழுந்துவிட்டது. கறாரம்மா அதைப் பிடித்து நிறுத்தினாள். பழைய சாமான் கடையில் முன்பின் தெரியாத மனுஷரிடம் சொல்ல முடிந்ததை, இடுப்பில் தூக்கி வளர்த்தவளிடம் சொல்ல முடியாதா?

"அக்கா, நீ போகக் கூடாது," என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது, பரவாயில்லை என்று விட்டுவிட்டாள். "குழாய்க்காகச் சொல்லலை. எனக்கு நீ வேணும். நீ போயிட்டா நான் சாயங்காலம் கடையைச் சாத்திட்டு எங்க போறது?"

 அக்காவின் மடங்கிய விரல்கள் புடவை நுனியைத் தேடிப் பிடிக்கப் பார்த்தன.

"பார்த்தியாடி," என்றாள் மகளிடம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இத்தனை நாள் கழிச்சு வாயைத் திறந்து கேட்டுட்டா. கேட்டாச்சு இல்ல? இனிமே விலையை நான் சொல்றேன்."

விலை லேசுப்பட்டதாக இல்லை. ஜன்னல் ஓரக் கட்டில் அவளுக்கு வேண்டும். காலையில் ரேடியோ அவள் சொல்கிற சத்தத்தில் பாட வேண்டும். கறாரம்மா வாரத்தில் ஒரு நாளாவது மத்தியானத்துக்கு மேல் கடையைச் சாத்திவிட்டு வீட்டில் கிடக்க வேண்டும். கட்டிலுக்கு உடனே சரி என்றாள் கறாரம்மா. ரேடியோவுக்கு, வாத்தியார் காதையும் யோசிக்கச் சொல்லிப் பாதியில் நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. கடை விஷயத்தில் மாசம் ஒரு நாள் என்று ஆரம்பித்து இரண்டு நாளில் வந்து நின்றாள்.

இதற்கிடையில் மகள் கார் சாவியை மேஜை மேல் வைத்தாள். இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டால் போதுமா, பெற்ற பெண்ணுக்கு ஒன்றும் இல்லையா என்றாள். மாசத்தில் பத்து நாள் அம்மா தன் வீட்டில்தான் என்றாள்.

"பத்தா?" என்றாள் கறாரம்மா. "மூணு நாள் வச்சுக்கோ."

"எட்டு, சித்தி. போக வர கார் நான் அனுப்பறேன்."

"கார் யார் கேட்டா? நாலு."

"ஏண்டி, நான் என்ன குண்டானா, தவலையா?" என்று அக்கா இருவரையும் அதட்டினாள். அதட்டிவிட்டுக் காலை நீட்டி வாகாகச் சாய்ந்துகொண்டாள். "சரி சரி, நிறுத்தாதீங்க. நல்லா ஏத்துங்க, கேட்டுக்கிட்டு இருக்கேன்."